முயிற்றுக் கூடும் வெள்ளரிசியும்

மன்னார்க் கரையோரத்தில், வடக்கே அரிப்பும் சிலாவத்துறையும் தெற்கே மறிச்சுக்கட்டியும் அமைய, இடையே கிடக்கிறது கொண்டச்சி. அப்பெயரைக் கேட்டதும் கற்றவர் நெஞ்சில் எழுவது முத்து. கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பைக் குறித்து ஐரோப்பியர் எழுதிவைத்த ஏடுகள் பல. நம்மவர் எழுதியவையும் உண்டு. நான் சொல்ல வந்தது கடலின் செல்வத்தைப் பற்றி அன்று. கரையில் செம்மணலில் நிற்கும் மரமுந்திரிகைத் தோப்பிலே, பச்சை இலைகளைத் தைத்து வீடாக்கி வாழும் ஓர் எறும்பைப் பற்றி. முத்துக்குப் புலவர்கள் பலர் வாய்த்தார்கள். இந்த எறும்புக்கு வாய்த்தவர் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் சங்கப் புலவர்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்துக் காலை ஒன்றிலே, கைவில்லை ஒன்றையும் சிறு குப்பிகள் இரண்டையும் பையில் இட்டுக்கொண்டு அத்தோப்பினுள் நடந்தேன். மரமொன்றின் தாழ்ந்த கிளையிலே, மனிதத் தலையளவு திரண்ட இலைக்கொத்து ஒன்று கண்ணிற் பட்டது. கிட்டச் சென்று கிளையைப் பற்றினேன். சற்றுத் தள்ளிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், அந்தக் கொப்பிலே கை வையாதீங்க. முசுறு குடியிருக்குது" என்றார்.

எச்சரிக்கை ஒரு விநாடி பிந்திவிட்டது. கிளை துள்ளியது; கூட்டின் ஓரம் கிழிந்தது; கீழே கிடந்த கருஞ்சருகின் மேல் சிவந்த எறும்புகள் கொட்டின. அவற்றினூடே வெள்ளை வெள்ளையாக ஏதோ மணிகளும் சிதறின. என் கையும் கழுத்தும் பட்ட பாட்டை விட்டுவிடுவோம்.

"பாவம், முட்டையெல்லாம் கொட்டுண்டு போச்சு" என்றார் முதியவர்.

முட்டைதானா? தோல் எரிந்துகொண்டிருந்த வேளையிலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அந்தக் காட்சியை நான் முன்பே படித்திருந்தேன். நற்றிணையின் 180 ஆம் பாட்டு மருதத் திணையைச் சார்ந்தது. வயற்புறத்து மரமொன்றில் முயிறு மொய்த்த கூடு இருக்கிறது. கழனியில் மேய்ந்த நாரை வந்து அதன்மீது உடம்பை உரைக்கிறது. கூடு சிதைகிறது. அதிலிருந்து சிந்திப் பரந்த பொருளுக்குப் புலவர் ஓர் உவமை சொல்கிறார்: செந்நெல்லோடு வெள்ளை அரிசி கலந்து கிடப்பது போல என்கிறார். செந்நெல் எறும்பு என்பது வெளிப்படை. வெள்ளரிசி எது என்று புலவர் பெயர் சொல்லவில்லை. பொருள் விரிப்போர் அந்த இடத்தை 'முட்டை' என்று நிரப்பிவிடுகின்றனர். வகுப்பறையில் நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நிரப்பியிருக்கிறேன். கொண்டச்சி மணலில் முழங்காலிட்டுக் கைவில்லையைக் கண்ணில் வைத்தபோதுதான், எத்தனை மாணவருக்குப் பிழையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்பது விளங்கியது.

உடலைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்த்துவிடலாம். சங்க நூலில் முயிறு. இன்று நம் ஊர்களில் முசுறு, முசிறு. உயிர் உசிராவது போல, மயிர் மசிராவது போல, யகரம் சகரமாகித் தேய்ந்த வடிவம் இது. சொல் சிறிது மாறியதே தவிரப் பொருள் மாறவில்லை. எறும்பு எனும் பொதுப்பெயருக்குள் இவ்வுயிரை அடக்கிவிடாமல், இதற்கெனத் தனிச்சொல் ஒன்றை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்துவந்திருக்கிறோம். சிங்களவரும் அவ்வாறே 'திமியா' என்று தனிப்பெயர் இட்டனர். அப்பெயரை ஆங்கில உலகுக்கு முதலில் எடுத்துச் சென்றவர் உரொபட் நொக்சு என்று கருதுகிறேன். 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் அலைந்த அம்மாலுமி, 1679 இல் காட்டாற்று வழியே தப்பி வந்து வெளிப்பட்ட இடம் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டை. கொண்டச்சிக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது. 1681 இல் அச்சான அவருடைய நூலில் இந்த எறும்பு வருகிறது. சிவந்து பருத்தவை, இலைகளைக் கூட்டி மனிதத் தலையளவு கூடு கட்டுபவை, ஒரே மரத்தில் பல கூடுகள் இருப்பதால் மக்கள் கனி பறிக்க ஏற அஞ்சுவர் என்கிறார். அக்கூடுகளுள் முட்டை இருப்பதாகவே அவரும் எழுதினார்.

விஞ்ஞானம் இட்ட பெயருக்கும் ஒரு கதை உண்டு. டென்மார்க்கு நாட்டுப் பபிரீசியசு 1775 இல் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'மரகதம் போன்றது'. சிவந்த எறும்புக்கு மரகதப் பெயரா என்று வியக்க வேண்டியதில்லை. இதன் அரசி பச்சை நிறத்தினள். ஆஸ்திரேலியாவில் வேலையாட்களுங்கூடப் பச்சை சாயல் கொண்டவை. 1860 இல் பிரெடரிக் சிமித்து என்பார் இதற்கெனத் தனிச் சாதி ஒன்றை வகுத்து 'ஈக்கோபில்லா' எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'இலைவீடு' என்பது பொருள். பெயரிட்டவர் உடலையும் பார்த்திருக்கிறார், வீட்டையும் பார்த்திருக்கிறார் போலும்.

இனி உடல். பூச்சியின் உடல் தலை, நெஞ்சு, வயிறு என மூன்று பகுதி என்று பள்ளியிற் படித்தோம். எறும்பைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. வயிற்றின் முதற்கணு முன்னேறி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் கணு ஒடுங்கி இடையாயிற்று. எஞ்சிய கணுக்கள் திரண்டு நின்ற பின்னுருண்டையைத்தான் நாம் வயிறு என்கிறோம். இந்த ஒடுங்கிய இடையே எறும்பு வகுப்பியலின் முதல் வாசற்படி. சில கூட்டத்திற்கு இடையில் ஒரு கணு; வேறு சில கூட்டத்திற்கு இரண்டு. முசுறுக்கு ஒன்றே. அந்த ஒன்றும் இதன் உறவினருக்கு இருப்பது போலச் செங்குத்தாக நிற்கும் செதிலாக இல்லை. நீண்டு, தாழ்ந்து, மெல்லிய காம்பு போல இருக்கிறது. பின்னுருண்டை அக்காம்போடு பொருந்திய விதத்தால், சினந்தபோது முசுறு தன் வயிற்றை நெஞ்சின் மேலே செங்குத்தாகத் தூக்கி நிறுத்த வல்லது. கிளையில் கை வைத்தவர் எல்லாரும் அந்தக் கோலத்தைக் கண்டிருப்பர், பார்க்க அவகாசம் கிடைத்திருந்தால்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிரெமற்றோகாசுடர் எனும் வேறொரு சாதி மரவெறும்பும் அவ்வாறே வயிற்றைத் தூக்கும். பார்த்தவுடன் உறவு என்று தோன்றும். கைவில்லையில் பார்த்தால் அதன் இடையில் இரண்டு கணு இருக்கும். அது வேறு உபகுடும்பம். முசுறுக்கு மிகத் தொலைவு. ஒரே செயலை இரு குலங்கள் தனித்தனியே கற்றுக்கொண்டிருக்கின்றன. செயலைப் பார்த்து இனம் பிரிக்கும் ஆர்வம் நம் எல்லாருக்கும் உண்டு. எலும்பு இல்லாத இவ்வுயிர்களிடையே கணுவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

வயிற்றின் நுனியில் கொடுக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறு வட்டத் துளை உண்டு. அதன் வழியே நச்சுச் சுரப்பியின் எறும்பமிலம் பீறிடும். பார்மிசினே எனும் உபகுடும்பத்தின் முத்திரை இத்துளை. முசுறு முதலில் நீண்ட தாடைகளால் தோலைக் கிழிக்கிறது. பின்பு வயிற்றை வளைத்து அந்தக் காயத்தில் அமிலத்தைத் தெளிக்கிறது. கடி ஒன்று, எரிவு மற்றொன்று. தாடையின் உள்விளிம்பில் பல பற்கள்; நுனிப்பல் மட்டும் நீண்டு உள்வளைந்திருக்கும். உணர்கொம்பில் பன்னிரண்டு கணுக்கள். கால் நுனியில் ஒட்டும் மெத்தை. அதன் வலிமையாலே பளபளத்த இலையின் அடிப்புறத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் தன் எடையைப் போல் பன்மடங்கு பாரத்தை இது தாங்குகிறது.

இல்லாத உறுப்பும் ஓர் அடையாளந்தான். பெரும்பாலான எறும்புகளுக்கு நெஞ்சின் பின்பக்கத்தில் ஒரு சுரப்பி உண்டு. நுண்ணுயிரையும் பூஞ்சையையும் தடுக்கும் நீரை அது சுரக்கும். மண்ணுக்குள் வாழ்வோர்க்கு இன்றியமையாதது. முசுறுக்கு அச்சுரப்பி இல்லை. மண்ணை விட்டு மரமேறியதால் அது தேவையற்றுப் போயிற்றா என்பது அறிஞரிடையே பேசப்படும் பொருள்.

வேலையாட்கள் இரு அளவினர். பெரியவை எட்டிலிருந்து பத்து மில்லிமீற்றர் வரை. இரை தேடுவதும் காவல் நிற்பதும் கூடு கட்டுவதும் இவற்றின் பணி. சிறியவை ஏறக்குறைய அதிற் பாதி. கூட்டினுள் இருந்து சிறுபிள்ளைகளைப் பேணும். இடைப்பட்ட அளவினர் மிகக் குறைவு. அரசி பெரும்பாலும் ஒருத்தியே. முதிர்ந்த குடியொன்று பல மரங்களில் நூறுக்கு மேற்பட்ட கூடுகளாகப் பரவி, ஐந்து இலட்சம் வரையான வேலையாட்களைக் கொண்டிருக்கக் கூடும்.

இனித்தான் வெள்ளரிசிக்கு வருகிறோம்.

இலையை இலையோடு இணைப்பது எது? வெளியிற் பார்த்தால் சிலந்திவலை போன்ற வெண்பட்டு. ஆனால் வளர்ந்த எறும்பிடம் பட்டுச் சுரப்பி இல்லை. இந்தப் புதிர் நெடுங்காலம் அவிழாமல் இருந்தது. 1890 இல் சிங்கப்பூரில் இரிட்லி என்பார் விடையைக் கண்டு எழுதினார். 1896 இல் இலங்கையிலே ஒலண்டு என்பாரும், பின்னர் இந்நாட்டு அரசின் பூச்சியியலாளராகிய கிறீனும் அதையே கண்டனர். 1905 இல் செருமானிய விலங்கியலார் தொப்பிளைன் இலங்கையில் தாம் கண்டதை விரிவாக வெளியிட்டார். அவர்கள் கண்டது இது: ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் ஓரங்களைத் தாடையாலும் காலாலும் பற்றி இழுத்து நிற்கின்றன. எட்டாத தொலைவென்றால் ஒன்றின் இடையை மற்றொன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்குகின்றன. உட்புறத்திலிருந்து வேறு சில எறும்புகள் வருகின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் உயிருள்ள ஒரு குடம்பி. குடம்பியின் வாயை ஓரிலையில் தொடுவித்து, மறு இலைக்குக் கொண்டுபோய்த் தொடுவித்து, திரும்பவும் கொண்டுவருகின்றன. குடம்பியின் கீழுதட்டுச் சுரப்பியிலிருந்து பட்டு இழையாகிறது. பிள்ளையே நெசவாளியின் ஓடம்.

நம் நாட்டுப் பாடநூல்கள் 'குடம்பி' என்ற சொல்லைப் பூச்சியின் புழுப்பருவத்துக்கு வழங்கின. நற்றிணைப் பாட்டிலோ எறும்புக் கூட்டுக்கு வழங்கும் சொல் குடம்பை. இரண்டும் அருகருகே நிற்பது தற்செயலோ அன்றோ, இந்த எறும்புக்கு அது வெகு பொருத்தம். இங்கே குடம்பை ஆவது குடம்பியின் பட்டாலேயே.

இதன் விளைவு ஒன்று உண்டு. பார்மிசினே உபகுடும்பத்தின் பிற எறும்புகள் பலவற்றில் குடம்பி முதிர்ந்ததும் தன் பட்டால் தன்னைச் சுற்றி ஒரு கூடு நூற்று, அதனுள் உறங்கும். கம்போனோட்டசு எனும் பெரிய கரிய எறும்பின் புற்றைக் கிளறினால் பழுப்பு நிற உறைகள் வெளிப்படும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. முசுறின் குடம்பியோ தன் பட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. தனக்கென நூற்க மிச்சம் இல்லை. ஆகவே அது உறையின்றி, வெறுமேனியாக, பால்வெள்ளையாகக் கூட்டுப்புழுப் பருவத்தை அடைகிறது. மடித்த காலும் மடித்த உணர்கொம்பும் கைவில்லையில் ஒவ்வொன்றாகத் தெரியும்.

என் காலடிச் சருகில் கிடந்த மணிகள் அவைதாம். முட்டை இதிற் பல மடங்கு சிறியது, கடுகினும் நுண்ணியது, சருகின் மேல் விழுந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. அரிசி அளவும் அரிசி நிறமும் உள்ளவை பெரிய வேலையாட்களாகப் போகும் கூட்டுப்புழுக்களும் முதிர்ந்த குடம்பிகளுமே. செந்நெல்லின் நீளம் முசுறின் நீளம். உமி நீங்கிய அரிசியின் நீளம் கூட்டுப்புழுவின் நீளம். நெல்லும் அரிசியும் ஒன்றுக்கொன்று எந்த உறவோ, எறும்பும் அம்மணியும் ஒன்றுக்கொன்று அதே உறவு. உறையிட்டுத் துயிலும் எறும்பினமாயின் இந்த உவமையே பிறந்திராது. புலவர் கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்னார். 'முட்டை' என்ற சொல்லை இட்டு அதைக் குழப்பியவர்கள் நாம்.

நாம் மட்டும் அல்ல. தாய்லாந்துச் சந்தைகளில் 'செவ்வெறும்பு முட்டை' என்று நிறுத்து விற்கப்படுபவையும் பெரும்பாலும் அரசியாகப் போகும் குடம்பிகளும் கூட்டுப்புழுக்களுமே. சத்தீசுக்கரின் பத்தர்க் காட்டுமக்களும் ஒடிசாவின் மயூர்பஞ்சு மக்களும் இந்த எறும்பை அரைத்துத் துவையல் செய்கின்றனர். மயூர்பஞ்சுத் துவையலுக்கு 2024 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் சுவைத்ததில்லை, புளிக்கும் என்கிறார்கள். அமிலம் இருக்கும் இடத்தில் புளிப்புக்கு என்ன குறை?

வகுப்பியலில் முசுறின் இடம் தனியிடம். பார்மிசினே உபகுடும்பத்துள் ஈக்கோபில்லினி என்றொரு கிளை. அக்கிளையில் இன்று வாழும் சாதி இது ஒன்றே. அதனுள் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் இனங்கள் இரண்டு: ஆபிரிக்காவில் ஒன்று, இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை மற்றொன்று. இவ்வாறு அருகிய குடும்பம் ஒரு காலத்தில் பெருங்குடும்பமாக இருந்தது. இன்று முசுறு இல்லாத ஐரோப்பாவில், பால்டிக்குக் கரையில் கிடைத்த அம்பரில் பண்டை முசுறுகள் அடைபட்டிருக்கின்றன. கென்யாவில் விக்டோரியா ஏரித் தீவொன்றில் லீக்கி குடும்பத்தார் கண்டெடுத்த புதைபடிவத்தை வில்சனும் தெயிலரும் ஆராய்ந்து 1964 இல் வெளியிட்டனர். மரத்திலிருந்து விழுந்த குடியொன்றின் துண்டு அது: பெரிய வேலையாள், சிறிய வேலையாள், குடம்பி, கூட்டுப்புழு எல்லாம் ஒன்றாகக் கல்லாகியிருந்தன. நாரை உரைத்ததோ, காற்று ஒடித்ததோ, யார் அறிவார்? நற்றிணைக் காட்சியின் கல்வெட்டு எனலாம் அதை.

தனித்து நிற்கும் எறும்பு என்றதும் இலங்கைக்கே உரிய மற்றொன்றை ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. அனியூரெற்றசு என்பது அதன் பெயர். 1893 இல் எமெரி விவரித்தார். 1955 இல் இளைஞராகிய வில்சன் ஈரவலயக் காட்டில் தேடிக் கண்டார். ஓர் உபகுடும்பம் முழுவதற்கும் இன்று உயிரோடு எஞ்சிய இனம் அது ஒன்றே. வேறெந்த நாட்டிலும் இல்லை. மன்னாரின் வறண்ட மண்ணில் அதைத் தேடுவது வீண். அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. முசுறுக்கு அந்த அச்சம் இல்லை. அதற்குள்ள அச்சம் வேறு.

அன்று என் எரிவு தணிந்தபின் முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"நானா, இதுகளை எரிக்கிறதில்லையோ?"

"சில பேர் எரிக்கிறாங்க. மருந்தும் அடிக்கிறாங்க. என்ட வாப்பா விடமாட்டார். முசுறு இருக்கிற மரத்தில பூக் கருகாது என்பார்."

அவருடைய வாப்பா எந்த நூலும் படித்தவர் அல்லர். மரமுந்திரிகையின் பெரும்பகை எலொப்பெல்ற்றிசு எனும் சாறுறிஞ்சும் மூட்டுப்பூச்சி; தேயிலைக் கொசு என்பதும் அதுவே. இளந்தளிரிலும் பூங்கொத்திலும் அது ஊசிவாயைக் குத்தினால் அவை கருகி உதிரும். முசுறு காவல் செய்யும் மரத்தில் அப்பூச்சி அமர்வது அரிது. 1990 களில் வட ஆஸ்திரேலியாவில் பெங், கிறித்தியன் ஆகிய ஆய்வாளர் மரமுந்திரிகைத் தோப்புகளில் இதைப் பல பருவம் அளந்து நிறுவினர். தென்சீனத்தில் தோடைத் தோட்டக்காரர் இக்கூடுகளைப் பையிலிட்டு விலைக்கு வாங்கி மரத்தில் கட்டிய செய்தி, மரபாக 304 ஆம் ஆண்டினது எனக் கொள்ளப்படும் சீன நூலில் இருக்கிறது. ஒரு பூச்சியைக் கொண்டு மற்றொரு பூச்சியை அடக்கிய மிகப் பழைய பதிவு அதுவே என்பர்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேன்நீருக்காகச் செதிற்பூச்சியையும் மாவுப்பூச்சியையும் முசுறு மேய்த்துக் காப்பதுண்டு. அவை மரத்தின் சாற்றைக் குடிக்கும். பறிக்க ஏறுவோர்க்கு இது ஓயாத தொல்லை. மாந்தோப்புக்காரர் சினப்பதில் நியாயம் உண்டு. ஆனால் முந்திரிகைக் கொட்டை பழுத்துத் தானே மண்ணில் விழுவது. குனிந்து பொறுக்குபவனுக்கும் மேலே காவல் நிற்கும் எறும்புக்கும் பெரிய வழக்கு இல்லை. அந்த மரத்திலாவது இதை எரிக்காமல் விடலாம் என்பது என் கட்சி. நெருப்பும் மருந்தும் முதலிற் கொல்வது காவலாளியை. பகைவன் அயற்காட்டிலிருந்து மறுபடி வருவான்.

முதியவர் கைவில்லையைக் கேட்டு வாங்கினார். சருகோடு ஒரு வெள்ளை மணியை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குக் கால் எல்லாம் இருக்குதே, மாஸ்டர்!"

"ஓம் நானா. முட்டை இல்லை, குஞ்சு."

அவர் சருகை மெல்லக் கீழே வைத்தார். அதற்குள் மரத்தடியில் வேலை தொடங்கிவிட்டிருந்தது. பெரிய முசுறுகள் ஒவ்வொன்றும் வாயில் ஒரு வெள்ளரிசியைக் கவ்விக்கொண்டு அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் ஒன்று மட்டும் வெறும் வாயோடு விலகி விலகி நடந்தது. கால்களை எண்ணினேன், எட்டு இருந்தன. முசுறின் உருவத்தைப் போர்த்துத் திரியும் சிலந்தி அது. 1869 இல் பிக்காட்டு கேம்பிரிட்சு இலங்கையிலிருந்து விவரித்த இனம். முதியவரைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்புவதற்குள் அது இலையின் அடிப்புறத்தில் மறைந்துவிட்டது. மேலே, கிழிந்த ஓரத்தில் இலைகளை இழுத்துப் பிடித்தபடி ஒரு வரிசை நின்றிருந்தது. உள்ளேயிருந்து முதற்குடம்பியைக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.